ஹாஷ் சாவிக்கு எத்தனை பிட்? 32, 64, 128, அல்லது மோதலே இல்லாத சாவி

சதுரங்கமோ டாமோ ஆடுபுலியோ விளையாடும் செய்நிரல் எழுதுகிறவர்கள், நகர்வுகளைப் பிழையின்றி உருவாக்கி ஆல்ஃபா-பீட்டா தேடலையும் (பயனற்ற கிளைகளை வெட்டிவிட்டு, வரக்கூடிய நகர்வுகளை முன்னோக்கி ஆராயும் முறை) ஓடவைத்த பிறகு இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஒரே நிலையை வெவ்வேறு நகர்வு வரிசைகளால் அடையலாம். ஒருமுறை ஆராய்ந்ததைத் திரும்ப ஆராயாமலிருக்க, விடையை ஓர் அட்டவணையில் போட்டு வைக்கிறோம். அதில் தேடி எடுக்க ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் வேண்டும்; அதுவே ஹாஷ் சாவி. அந்த எண் எத்தனை பிட் நீளமாக இருக்க வேண்டும்? திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் சதுரங்கம் எழுதுகிறவருக்கும், உவர்மலையில் வீட்டிலிருந்தபடி போனுக்கு ஆடுபுலி எழுதுகிறவருக்கும் கேள்வி ஒன்றுதான். விடை ஒன்றல்ல.

பலர் இதை ஒரே முடிவாக நினைக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு முடிவுகள்: சாவியை எத்தனை பிட்டில் கணக்கிடுவது, அதில் எத்தனை பிட்டை அட்டவணையில் சேமிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 64 பிட் சாவி வைத்திருந்தும் 32 பிட்டின் பலனை மட்டும் பெறுகிற செய்நிரல்கள் உருவாகின்றன.

## சாவி எப்படிப் பிறக்கிறது

அல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எழுதிய முறையே இன்றும் வழக்கில் உள்ளது. சதுரங்கத்தில் 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள்: 768 எழுமாற்று எண்கள். கோட்டை கட்டும் உரிமைக்கு 4, ஆன் பசான் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை அடுத்த நகர்வில் மட்டும் பிடிக்கும் விதி) நிரலுக்கு 8, யாருடைய முறை என்பதற்கு 1. மொத்தம் 781. பலகையில் இருப்பவற்றின் எண்களையெல்லாம் எக்ஸ்-ஓர் (பிட்டுகள் வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 இடும் செயல்) செய்தால் சாவி. ஒரு காய் நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணையும் புதிய கட்டத்தின் எண்ணையும் எக்ஸ்-ஓர் செய்தால் போதும். முழுப் பலகையையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

64 பிட்டில் இந்த 781 எண்களுக்குத் தேவை 6,248 பைட்டு மட்டும். ஆகவே எழுமாற்று எண்களைச் சிறிதாக்கி நினைவகத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். நினைவகத்தைத் தின்பது அட்டவணைதான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

பொய்ப் பொருத்தம். தேடும் நிலை அட்டவணையில் இல்லாதபோதும் வேறொரு நிலையின் பதிவைத் தனதென்று எடுத்துக்கொள்வது எத்தனை தடவைக்கு ஒருமுறை நடக்கும்?

பதிவுகளின் எண்ணிக்கை. இருக்கிற ராமில் எத்தனை நிலைகளை வைக்கலாம்? 4 ஜிகாபைட் மடிக்கணினியில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக மிஞ்சுவது கொஞ்சம். 256 மெகாபைட்டை அட்டவணைக்கு ஒதுக்குவது அங்கே நியாயமான அளவு. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் அதை வைத்தே.

பிழை வந்தால் என்ன ஆகும். விளையாட்டில் ஒரு கிளையின் மதிப்பு கொஞ்சம் பிசகுவது வேறு. ஒரு விளையாட்டைத் தீர்த்துவிட்டோம் என்று அறிவிக்கும் கணக்கில் பிசகுவது வேறு.

மொழி. சீ++இல் 64 பிட் குறியற்ற முழுஎண் இலவசம் மாதிரி. ஜாவாஸ்கிரிப்டில் அப்படியல்ல.

## எஞ்சும் பிட்: கணக்கின் நடுப்புள்ளி

அட்டவணையில் ஒரு பெட்டியைத் தேர்வு செய்யவே சாவியின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. 2²² பெட்டிகள் இருந்தால் 22 பிட் அதற்கே போகும். அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்த எல்லா நிலைகளுக்கும் அந்த 22 பிட்டும் ஒன்றுதான். டொக்யார்ட் வீதிக்குள் வந்து நின்றுகொண்டு, வீட்டுப் படலையில் ‘டொக்யார்ட் வீதி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எந்த வீடென்று தெரியாது, இலக்கம்தான் வேண்டும். ஒரு நிலையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும் பெட்டியைத் தேர்ந்த பிறகு எஞ்சும் பிட் மட்டுமே.

நிரம்பிய அட்டவணையில் ஒரு தேடலுக்கான பொய்ப் பொருத்தத்தின் நிகழ்தகவு: பெட்டியிலுள்ள பதிவுகளின் எண்ணிக்கையை, 2-இன் எஞ்சும்-பிட் அடுக்கால் வகுத்தால் வருவது.

பிறந்தநாள் கணக்கை (ஒரு கூட்டத்தில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு) இங்கே கொண்டுவந்து பயப்படுகிறவர்கள் உண்டு. 32 பிட் சாவியில் ஏறத்தாழ 77,000 நிலைகளிலும், 64 பிட்டில் ஏறத்தாழ 500 கோடி நிலைகளிலும், ஏதோ இரண்டு நிலைகள் ஒரே சாவி பெற பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது சரிதான். ஆனால் ஏதோ இரண்டு நிலைகள் மோதுவதால் அட்டவணைக்குக் கேடில்லை. இப்போது தேடுகிற நிலை, இப்போது பெட்டிக்குள் இருக்கிற பதிவோடு மோதினால்தான் கேடு.

ஒரு பதிவில் சாவித் துண்டுக்கு அப்பால் 8 பைட்டு தரவு என்று கொள்வோம்: நகர்வுக்கு 2, மதிப்புக்கு 2, நிலையான மதிப்பீட்டுக்கு 2, ஆழத்துக்கு 1, எல்லை வகைக்கும் (மதிப்பு சரியானதா, மேல் எல்லையா, கீழ் எல்லையா) வயதுக்கும் 1. பெட்டி ஒன்று 64 பைட்டு, 64 / 16 வரியில் மட்டும் 32 பைட்டு.

| கணக்கிடும் பிட் / சேமிக்கும் பிட் | 256 மெகாபைட்டில் பதிவுகள் | எஞ்சும் பிட் | பொய்ப் பொருத்தம் | வினாடிக்கு 10 இலட்சம் தேடலில் |
|---|---|---|---|---|
| 32 / 32 | 20,971,520 (பெட்டிக்கு 5) | 10 | 205இல் 1 | வினாடிக்கு 4,900 அளவில் |
| 64 / 16 | 25,165,824 (பெட்டிக்கு 3) | 16 | 21,845இல் 1 | வினாடிக்கு 46 |
| 64 / 32 | 20,971,520 (பெட்டிக்கு 5) | 32 | 85.9 கோடியில் 1 | 14 நிமிடத்துக்கு ஒன்று |
| 64 / 64 | 16,777,216 (பெட்டிக்கு 4) | 42 | 1.1 இலட்சம் கோடியில் 1 | 12, 13 நாளுக்கு ஒன்று |
| 128 / 128 | 8,388,608 (பெட்டிக்கு 2) | 106 | நடைமுறையில் இல்லை | – |
| மோதலற்ற சாவி | விளையாட்டைப் பொறுத்தது | – | 0 | 0 |

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் சேமிப்பது 32 பிட், பதிவுகளின் எண்ணிக்கையும் ஒன்றே. பொய்ப் பொருத்தம் மட்டும் 40 இலட்சம் மடங்கு வேறுபடுகிறது.

## 32 பிட்

இதைத் தெரிந்தெடுக்கிறவர்களைவிட, தெரியாமல் இதற்குள் வந்து விழுகிறவர்களே அதிகம். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்கள் மீது எக்ஸ்-ஓர் செய்தால் விடை எப்போதும் 32 பிட்டுக்கு வெட்டப்படும். பெரிய எழுமாற்று எண்களைக் கொடுத்திருந்தாலும் மேல்பகுதி சத்தமில்லாமல் காணாமற்போகும். பெரிய முழுஎண்களுக்கான பிக்இன்ட் வகையில் 64 பிட் சரியாக வரும், ஆனால் தேடலின் உட்சுற்றில் அதன் வேகம் தாங்காது.

வழி எளிது. இரண்டு 32 பிட் சாவிகளைத் தனித்தனி எழுமாற்று எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். ஒன்று பெட்டியைத் தேர, மற்றது அடையாளமாகச் சேமிக்க. அட்டவணையின் மூன்றாவது வரி அப்படியே கிடைத்துவிடும், செலவு ஒரு நகர்வுக்குச் சில எக்ஸ்-ஓர் கூடுதல். பிரவுசரில் ஓடும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியவில்லை.

32 பிட்டில் இன்னொரு மறைந்த செலவும் உண்டு. 781 எண்களில் நான்கு நான்காக எடுத்தால் ஏறத்தாழ 1,538 கோடி கூட்டங்கள். அவற்றில் நான்கையும் எக்ஸ்-ஓர் செய்தால் பூச்சியம் வருகிற கூட்டங்கள், 32 பிட்டில் சராசரியாக மூன்று நான்கு இருந்தே தீரும். இரண்டு காய்கள் ஆளுக்கொரு நகர்வு நகர்ந்தால் மாறுவது சரியாக நான்கு எண்கள்தான். ஆகவே சில நகர்வு இணைகளுக்கு முன்னும் பின்னும் சாவி மாறாமலே நிற்கலாம், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில். 64 பிட்டில் இந்த வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழ்.

சிறு பலகைகளுக்கு 32 பிட் போதுமே என்றால், சிறு பலகைக்குப் பின்னால் வரும் மோதலற்ற சாவியே பொருத்தம். 32 பிட் எழுமாற்றுச் சாவிக்கு இன்று சொந்தமாக ஓர் இடம் இல்லை என்பது எங்கள் தீர்ப்பு.

## 64 கணக்கிட்டு 16 சேமித்தல்

ஸ்டொக்ஃபிஷ் என்ற சதுரங்கச் செய்நிரல் செய்வது இது. 2 பைட்டு அடையாளமும் 8 பைட்டு தரவும் சேர்ந்து 10 பைட்டுப் பதிவு. மூன்று பதிவும் 2 பைட்டு நிரப்பலும் சேர்ந்து 32 பைட்டுப் பெட்டி. ஒரு 64 பைட்டு கேஷ் வரிசையில் (செயலி நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) ஆறு பதிவுகள் அடங்குகின்றன. 16 பைட்டுப் பதிவென்றால் நான்குதான். அதே ராமில் ஒன்றரை மடங்கு நிலைகள்.

வினாடிக்கு 46 பொய்ப் பொருத்தம் என்றால் வயிறு கலங்கும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆழம் போதாமல் அல்லது எல்லை வகை பொருந்தாமல் கழிந்துவிடும். எஞ்சியவையும் தேடல் மரத்தின் அடியில், வேரிலிருந்து வெகு தூரத்தில் நடக்கின்றன, மேலே வருமுன் அமுங்கிப்போகின்றன. ரொபர்ட் ஹயட்டும் அந்தனி கொஸியும் 2005இல் கிராஃப்டி என்ற சதுரங்கச் செய்நிரலுக்குள் வேண்டுமென்றே இத்தகைய பிழைகளைப் புகுத்திச் சோதித்தார்கள். நினைத்ததைவிட மிக அதிகமாகப் பிழைகள் வந்தாலும் தெரிவாகும் நகர்வு அரிதாகவே மாறியது.

இதற்கு ஒரு விலை உண்டு, அது கட்டாயம். அட்டவணையிலிருந்து வரும் நகர்வை அந்த நிலையில் ஆட முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காவிட்டால் நடப்பது இது: வேறு நிலைக்குரிய நகர்வு, காய் இல்லாத கட்டத்திலிருந்து காயை எடுக்கச் சொல்லும். ‘வெறுமை’ என்ற காய்க்கு உங்கள் எழுமாற்று எண் அட்டவணையில் இடம் இல்லாததால் வரிசைக்கு வெளியே படிக்கும், செய்நிரல் விழும். விழாவிட்டால் இன்னும் மோசம். ஏதோ குப்பை எண் சாவிக்குள் எக்ஸ்-ஓர் ஆகி, அதன்கீழ் உள்ள முழுக் கிளையும் தவறான சாவியோடு அட்டவணையில் எழுதப்படும். ராஜாவே பிடிபடும் நகர்வும் இப்படித்தான் வருகிறது. புறப்படும் கட்டத்தில் நம் காய் உண்டா, அந்தக் காய் அப்படி நகருமா, இடையில் தடை உண்டா, சேரும் கட்டத்தில் நம் காய் இல்லையா என்ற சோதனைகள் சரியாக எழுதப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே 16 பிட்டுக்கு இறங்கலாம்.

முதன்முதலாக எழுதுகிறவர்களுக்கு இது வேண்டாம். வினாடிக்கு 46 உண்மையான பொய்ப் பொருத்தங்களுக்கு நடுவே உங்கள் சொந்தப் பிழை ஒன்று ஒளிந்திருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

## 64 கணக்கிட்டு 32 சேமித்தல்

நடுவழி. பதிவு 12 பைட்டு, 64 பைட்டுக்கு ஐந்து. நகர்வைச் சரிபார்ப்பது இங்கும் நல்லது. ஆனால் பிழை 14 நிமிடத்துக்கு ஒன்றென்பதால், சோதனை ஓட்டத்தில் காணும் கோளாறு பெரும்பாலும் உங்களுடையதே என்று நம்பித் தேடலாம்.

பெட்டிச் சுட்டியையும் (எந்தப் பெட்டி என்று காட்டும் எண்) அடையாளத்தையும் சாவியின் ஒரே பகுதியிலிருந்து எடுப்பதுதான் இங்கே வழமையான தவறு. கீழ் 22 பிட்டைச் சுட்டிக்கு எடுத்துவிட்டு, சாவியை 32 பிட் எண்ணாகச் சுருக்கிச் சேமித்தால், சேமிக்கப்படுவதும் கீழ் 32 பிட்டே. எஞ்சுவது 10. எழுத்துப் பிழை போல ஒரே வரியில் நடக்கும் இந்தத் தவறு, மூன்றாம் வரியிலிருந்து உங்களை முதல் வரிக்குத் தள்ளிவிடும், செய்நிரலோ எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடும். சுட்டி கீழிருந்தால் அடையாளம் மேலிருந்து வரட்டும்: சாவியை 32 இடம் வலப்பக்கம் நகர்த்திச் சேமியுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, விடையின் மேல் 64 பிட்டைச் சுட்டியாக எடுக்கும் முறையைப் பயன்படுத்தினால் நேர்மாறு. அங்கே சுட்டி சாவியின் மேல்பகுதியைச் சார்ந்தது, அடையாளத்தைக் கீழிருந்து எடுக்க வேண்டும்.

## 64 முழுவதும் சேமித்தல்

முதல் செய்நிரலுக்கு நாங்கள் சொல்வது இதையே. பதிவு சரியாக 16 பைட்டு: 8 சாவி, 8 தரவு. எந்தப் பிட்டை எங்கிருந்து எடுப்பதென்ற குழப்பம் இல்லை, எப்படி எடுத்தாலும் முழுச் சாவியும் ஒப்பிடப்படும்.

இதன் இன்னொரு பலன், பல திரெட்டுகள் (செய்நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஒரே அட்டவணையை எழுதும்போது தெரியும். ஒரு திரெட் சாவியை எழுதி முடிக்க, இன்னொன்று தரவை மாற்றிவிட்டால் பதிவு இரண்டுங்கெட்டதாகிவிடும். ஹயட்டும் டிம் மானும் 2002இல் விளக்கிய வழியில், சாவியை அப்படியே எழுதாமல் சாவியும் தரவும் எக்ஸ்-ஓர் செய்த விடையை எழுதவேண்டும். படிக்கும்போது தரவோடு மறுபடி எக்ஸ்-ஓர் செய்தால் சாவி திரும்ப வரும். கலந்துபோன பதிவில் வராது, தானாகவே கழிந்துவிடும். பூட்டு எதுவும் தேவையில்லை. 64உம் 64உம் சம நீளமாக இருப்பதால் இது இரண்டு வரி வேலை.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே 64 பிட் எண் குறியுடையது. மீதி எடுத்துச் சுட்டி கண்டால் பாதித் தடவைகளில் மறை எண் வரும், வரிசை எல்லைப் பிழையோடு செய்நிரல் நிற்கும். பெட்டிகளின் எண்ணிக்கையை 2-இன் அடுக்காக வைத்து முகமூடியிடுங்கள் (வேண்டிய கீழ் பிட்டுகளை மட்டும் விட்டு மற்றவற்றைப் பூச்சியமாக்குவது), அல்லது குறியற்ற வலப்பக்க நகர்த்தலால் மேல் பிட்டுகளை எடுங்கள்.

## 128 பிட்

விளையாடும் செய்நிரலுக்குத் தேவையில்லை. அதே ராமில் பதிவுகள் பாதியாகின்றன. 13 நாளுக்கு ஒருமுறை வரும் பிழையைத் தவிர்க்க, ஒவ்வொரு வினாடியும் வலிமையை இழப்பது நட்டக் கணக்கு.

விடை ஓர் எண் தவறினாலும் பயனற்றுப் போகும் வேலைகளுக்கு இது உரியது. ஆரம்ப நிலையிலிருந்து 7 நகர்வு ஆழத்துக்குச் சதுரங்க வழிகளை எண்ணினால் 3,195,901,860 வரவேண்டும். அட்டவணையோடு இதைவிட ஆழமாக எண்ணும்போது ஒரு பொய்ப் பொருத்தம் மொத்தத்தையே கெடுக்கும். நாட்கணக்கில் ஓடும் தீர்வுக் கணக்குகளும் அப்படியே. அத்தகைய ஓட்டத்தில் வாடை மழைக்காலத்து மின்வெட்டுக்குப் பயந்து அட்டவணையை அவ்வப்போது டிஸ்கில் எழுதிவைப்பீர்கள் என்றால், எழுமாற்று எண்களை நிலையான விதையிலிருந்தே (எண் வரிசையைத் தொடக்கிவைக்கும் எண்) உருவாக்குங்கள். நேரத்தை விதையாகக் கொடுத்தால் மறுதொடக்கத்தில் எல்லாச் சாவியும் மாறிவிடும், டிஸ்கில் இருப்பது குப்பையாகிவிடும்.

## மோதலே இல்லாத சாவி

சதுரங்கத்தில் சாத்தியமான நிலைகள் 10⁴⁴ அளவில் உள்ளன. 64 பிட்டில் அடங்குவது 1.8 × 10¹⁹ மட்டும். ஆகவே அங்கே எழுமாற்றுச் சாவியைத் தவிர வழியில்லை. ஆனால் நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

23 புள்ளி, 3 புலி, 15 ஆடு என்ற வடிவத்தில் ஆடுபுலியை எடுங்கள். புலிகள் நிற்கும் இடத்துக்கு 23 பிட். ஆடுகள் நிற்கும் இடத்துக்கு 23 பிட். இன்னும் இறக்காத ஆடுகள் 0 முதல் 15 வரை: 4 பிட். யாருடைய முறை: 1 பிட். மொத்தம் 51. வெட்டுப்பட்ட ஆடுகளைத் தனியே எழுத வேண்டாம், 15இலிருந்து பலகையில் இருப்பதையும் கையில் இருப்பதையும் கழித்தால் வரும். நிலை முழுவதும் 64 பிட்டுக்குள் அடங்கிவிட்டது. இது அடையாளம் அல்ல, நிலையேதான். இரண்டு நிலைகள் ஒரே சாவி பெறுவது இயலாத காரியம்.

இன்னும் சுருக்கலாம். பெட்டிகளின் எண்ணிக்கையை ஒற்றைப்படையாக, 2¹⁹ஐவிடப் பெரிதாக வையுங்கள். 8,388,593 என்ற பகா எண் வசதியானது. சாவியை அதனால் வகுத்த மீதி சுட்டி, சாவியின் கீழ் 32 பிட் அடையாளம். இரண்டு வேறு நிலைகளுக்கு இவ்விரண்டும் ஒத்துப்போனால், அவற்றின் வித்தியாசம் 8,388,593க்கும் 2³²க்கும் மடங்காக இருக்க வேண்டும். முதலாவது ஒற்றைப்படை என்பதால் இரண்டின் பெருக்கத்துக்கும் மடங்கு. அந்தப் பெருக்கமோ 2⁵¹ஐவிடப் பெரிது. ஆகவே வித்தியாசம் பூச்சியம், அதாவது இரண்டும் ஒரே நிலை. 4 பைட்டு அடையாளமும் 1 பைட்டு மதிப்பும் வைத்தால் 42 மெகாபைட், மலிவான போனிலும் நிற்கும்.

ஏழு நிரல் ஆறு வரிசைப் பலகையில் நான்கைக் கோக்கும் விளையாட்டுக்கும் இதே முறை. அங்கே 49 பிட் போதும். 4,531,985,219,092 நிலைகள் கொண்ட அந்த விளையாட்டை ஜேம்ஸ் அலனும் விக்டர் அலிஸும் தனித்தனியே 1988இல் தீர்த்தார்கள்.

மறைந்த செலவு ஒன்று: இப்படிப்பட்ட சாவிகள் எழுமாற்றாகச் சிதறியவை அல்ல. கீழ் பிட்டுகளை முகமூடியிட்டுச் சுட்டியாக்கினால், பலகையின் ஒரு மூலையில் ஒத்திருக்கும் நிலைகள் எல்லாம் ஒரே பெட்டியில் குவியும், அட்டவணையின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். பகா எண்ணால் வகுப்பது இதையும் தீர்க்கிறது.

## நீளத்தை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

விசித்திரமான நகர்வுகள் வந்தால் சாவியின் நீளத்தைக் குறைசொல்வது எளிது. பெரும்பாலும் குற்றம் வேறெங்கோ இருக்கும்.

விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் சீ நூலகத்தின் எழுமாற்று எண் தரும் ‘ராண்ட்’ 32,767க்கு மேல் எண் தராது. அதை நேரே 64 பிட் வரிசையில் போட்டால் கிடைப்பது 15 பிட் சாவி, மேல் 49 பிட் எப்போதும் பூச்சியம். சீ++இன் 64 பிட் எழுமாற்று எண் உருவாக்கியான மெர்சென் ட்விஸ்டரைப் பயன்படுத்துங்கள். யாருடைய முறை என்ற எண்ணை எக்ஸ்-ஓர் செய்ய மறந்தால், வெள்ளைக்குரிய மதிப்பைக் கறுப்பு எடுத்துக்கொள்ளும். பிடிக்கச் சிப்பாய் இல்லாதபோதும் ஆன் பசான் எண்ணைச் சேர்த்தால் ஒரே நிலைக்கு இரண்டு சாவி வந்து, மீள்வரும் நிலைகள் தவறவிடப்படும்.

இதற்குச் சோதனைப் பதிப்பில் இரண்டு காவல் வையுங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் சாவியை முழுப் பலகையிலிருந்து புதிதாகக் கணக்கிட்டு, நகர்வோடு வந்த சாவியோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, வேறு எழுமாற்று எண்களால் இரண்டாவது 64 பிட் சாவி ஒன்றை நடத்தி அதையும் பதிவில் வையுங்கள். முதல் அடையாளம் பொருந்தி இரண்டாவது பொருந்தாத தடவைகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மேலேயுள்ள அட்டவணை தரும் அளவுக்குள் இருந்தால் அது நீளத்தின் விலை. அதைவிடப் பல மடங்கு அதிகமென்றால் பிட்டைக் கூட்டிப் பயனில்லை: சுட்டியும் அடையாளமும் சாவியின் ஒரே பகுதியிலிருந்து வருகின்றனவா, எழுமாற்று எண்களின் மேல் பிட்டுகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு காவலும் அமைதியாக ஓர் இரவு ஓடிய பிறகு, 16 பைட்டுப் பதிவை 12க்கோ 10க்கோ நெருக்கலாம்.